ஒரே துப்பாக்கி, பல வேடம்

கழற்றி மாட்டினால் ரைபிள். மறுபடி கழற்றி மாட்டினால் இலகு இயந்திரத் துப்பாக்கி. ஆயுத வியாபாரிகளின் இக்கூற்றை நம் பத்திரிகையாளர் சிலர் அப்படியே செய்தியாக்கி விடுகின்றனர். (அடியேனும் ஒருகாலத்தில் விளம்பரக் கைநூலைப் பார்த்து எழுதியவன்தான்.)

யூஜின் ஸ்டோனர் உருவாக்கிய ஸ்டோனர் 63 இக்கனவின் உச்சம். நடு உடலைத் தலைகீழாகத் திருப்பினால், சுடுகுழலுக்கு மேலிருந்த வாயுக்குழாய் கீழே போகும். ரவைப்பட்டியில் இயங்கும் இயந்திரத் துப்பாக்கி பிறக்கும். அபாரமான மூளை! ஆயினும் உற்பத்தியானவை ஏறத்தாழ 4,000 மட்டுமே. வியட்நாமில் அதனை விரும்பிச் சுமந்த அமெரிக்கக் கடற்படையின் சீல் அணியினர், பெரும்பாலும் ரவைப்பட்டி வடிவத்தையே கைக்கொண்டனர். சேற்றில் நின்று உருமாற்ற எவருக்கு அவகாசம்?

பிரித்தானியர் 1980களில் செய்தது அதனினும் மோசம். எல்85 ரைபிளின் உடலுக்கு நீண்ட குழலும் இருகாலும் பூட்டி, எல்86 என்று பெயரிட்டனர். சூடேறிய குழலைக் களத்தில் மாற்ற வழியில்லை. ரவைக்கூட்டில் 30 ரவைகளே. காப்புச்சூடு வழங்க வேண்டியவன் கூடு மாற்றிக்கொண்டிருக்கையில், முன்னே ஊர்ந்து செல்லும் அவன் தோழர்களின் கதி யாது? இறுதியில் பெல்ஜிய மினிமியை வாங்கினர். குறி தவறாத எல்86, தொலைதூரச் சூட்டுக்கென ஒதுக்கப்பட்டது.

உதிரிப்பாகம் பொது, ஆகவே செலவு குறைவு என்று வாதிடுவோருக்கு ஒரு கேள்வி: இரண்டாவது துப்பாக்கியையும் வாங்கிய பின்னர் மிச்சம் பிடித்தது எவ்வளவு?