குழிக்கு ஒரு முத்து

பண்டிகை என்றாலே நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது அடுப்படிதான், இல்லையா சகோதரிகளே? போகிக்கு ஒட்டடை, பெரும்பொங்கலுக்குப் பானை, மாட்டுப் பொங்கலுக்குப் படையல் என்று மூன்று நாளும் நின்றபடியே தீர்ந்துவிடும். நாலாம் நாள் காணும் பொங்கல். மனுஷரை மனுஷர் காண்பதற்கென்றே வைத்த நாள். அந்த ஒரு நாளையாவது உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்று இந்தத் தை மாதம் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

எங்கள் ஊர் கீழவாஞ்சூர். காரைக்கால் பகுதியின் தெற்குக் கோடி. எல்லையைத் தாண்டினால் நாகூர். 2009-ல் துறைமுகம் வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் எங்கள் ஊர்ப் பெயர் தெரிந்திருக்கிறது. என் பிறந்த வீடு திருமலைராயன்பட்டினம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணுவதற்குள் ஊர் வந்துவிடும். அத்தனை பக்கத்தில் இருந்தும் எனக்கும் என் தம்பிக்கும் மூன்று பொங்கலாகப் பேச்சில்லை.

அம்மா போன பிறகு அவர்களுடைய இரட்டை வடச் சங்கிலி யாருக்கு என்பதில் வந்த வினை. அவன் ஒன்று சொன்னான், நான் இரண்டு சொன்னேன். பொங்கல் சீர் நின்றது. என் பிள்ளைகளுக்கு மாமா வீடு என்பதே மறந்து போயிற்று.

மாட்டுப் பொங்கலன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் மாமியார் திண்ணையிலிருந்தபடியே, “காணும் பொங்கலும் அதுவுமா, கூடப் பொறந்தவனைக் காணாம வேற யாரைக் காணப் போறே?” என்றார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். “நாளைக்குக் கட்டுச்சோறு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வா.” அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. “பார்க்கிறேன்” என்றான்.

காலை எட்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டேன். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடகம். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கிளறினால் குழையாது. தயிர் சாதத்துக்குப் பால் தாராளமாக விட்டு, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேருங்கள். மத்தியானம் வரை புளிக்காது. ஆனால் கட்டுச்சோறு மத்தியானத்துக்குத்தான். மிஞ்சியதைச் சாயங்காலம் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தம்பி, தம்பி பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். “வாங்க”, “வர்றோம்” என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. அரசலாறு கடலில் சேருகிற காரைக்கால் கடற்கரைக்குப் போகலாம் என்றால், மாமியாரால் மணலில் நடக்க முடியாது. ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

அப்போதுதான் பரணிலிருந்து அம்மாவின் பல்லாங்குழியை எடுத்து வந்தேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்கிலிக்குச் சண்டை போட்ட அந்த வாரத்தில், யாரிடமும் கேட்காமல் நான் எடுத்து வந்த பொருள் அது.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். “இது இங்கதான் இருக்கா? வீடு பூரா தேடினேன்” என்றான். நான் பதில் சொல்லவில்லை. மாமியார்தான், “எடுத்துப் போடுங்க, ஆடலாம்” என்றார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொண்டு, எதிராளிக்கு விட வேண்டும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது ‘பசு’. யார் பக்கமோ அவருக்கு. எண்ணிக்கையும் கணக்கும் தானாக வரும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் குன்றிமணியை வைத்து ஆட வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான விஷம். புளியங்கொட்டையானாலும் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கப்பலில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன் வந்திருந்தான். “அத்தை, பிலிப்பைன்ஸிலும் இது இருக்கு. சுங்கான்னு பேரு. அங்கேயும் பக்கத்துக்கு ஏழு குழி. ரெண்டு கோடியிலும் சேர்த்து வைக்க ஒரு பெரிய குழி. எங்கூட வேலை பார்க்கிறவன் கிறிஸ்துமஸுக்குக் கிராமத்துக்குப் போனா, அவங்க பாட்டியோட ஆடுவானாம்” என்றான். மலேசியாவில் இதே மாதிரி ஆட்டத்துக்குச் சொங்காக் என்று பெயர். இலங்கையில் சிங்களப் புத்தாண்டுக்கு ஒலிந்த கெளிய என்று ஆடுகிறார்கள். எந்தத் தேசமானால் என்ன, கிழவியையும் பேரனையும் எதிரெதிரே உட்கார வைக்க ஒரு பலகை வேண்டியிருக்கிறது!

என் எதிரில் தம்பி உட்கார்ந்தான். மூன்றாவது சுற்றில் அவன் கை சின்ன வயசில் செய்த வேலையையே செய்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன். “டேய், ஒரு குழிக்கு ரெண்டு போடறே! அம்மா இருந்தா காதைத் திருகியிருப்பாங்க!”

சட்டென்று எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். பிறகு அவன்தான் முதலில் சிரித்தான். அவனுடைய சின்ன மகள், “அப்பா திருடினாரா அத்தை?” என்று என் மடியில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்தத்தான் முடியவில்லை. தாயக்கட்டையும் உருண்டது. தாயம் விழாமல் என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் வெளியே நின்றதைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சங்கிலி விவகாரம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அது அவன் பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் கிளம்பும்போது பல்லாங்குழியைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். “கேட்காம எடுத்துட்டேன்டா” என்றேன். “அடுத்த பொங்கலுக்கு நீ அங்க வா அக்கா, ஆடலாம்” என்றான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒரு பலகை தூசி படிந்து கிடக்கும். பேச வேண்டிய ஆளும் ஒருவர் எங்காவது இருப்பார். தை மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டுமா என்ன? வருகிற ஞாயிற்றுக்கிழமை போதுமே!