எண் பலகை தெரிகிறதா?

லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து திருச்சி விமான நிலையம் நோக்கிச் செல்லும் கார்கள் பல, நள்ளிரவிலோ வைகறையிலோதான் பாடாலூரைக் கடக்கின்றன. வளைகுடா விமானங்களின் நேரம் அப்படி. பயணம் போகிறவர் ஒருவர்; வழியனுப்ப உடன் வருவோர் நால்வர். ஒருபுறம் சரக்கு லாரிகள், மறுபுறம் சென்னைப் பேருந்துகள், குறுக்கே திடீரென ஏறும் இருசக்கர வாகனங்கள். முன்பு 45 என்றும் இன்று 38 என்றும் எண்ணிடப்பட்ட அந்த நாற்கரச் சாலை அறியாத குடும்பம் நம் பகுதியில் இல்லை.

அக்கார்கள் பலவற்றின் முன்கண்ணாடியில் இப்போது சிறு கேமரா ஒன்று ஒட்டியிருக்கிறது. விடுமுறைக்கு வந்த மகனோ மருமகனோ வாங்கி வந்து மாட்டியதாக இருக்கும். மாட்டியதோடு கடமை முடிந்ததென்று விட்டுவிடுகிறோம். அதனுள்ளே படத்தின் தரத்தை முடிவு செய்யும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்து பார்த்தவர் சிலரே.

இது வெறும் பொழுதுபோக்குச் சாதனமன்று. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாமற் போனால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். வண்டியின் எண் தெரிந்துவிட்டாலோ, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அங்கு இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எத்தனை பேர் என்பதெல்லாம் கணக்கிடப்பட்டு, மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனம் தொகை தர வேண்டியிருக்கும். உழைத்துக் கொடுத்த கை ஓய்ந்த வீட்டில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளின் படிப்பளவு பெரியது. ஆகவே கேமராவைத் திருத்தும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, படம் அழகாக இருக்கிறதா என்பதன்று. எண் பலகை தெரிகிறதா என்பதே.

கடைக்காரர் முதலில் சொல்வது 1080பி, 4கே என்னும் அளவுகளை. முன்னதில் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள்; பின்னதில் 83 லட்சம். நம் நாட்டுக் கார்களின் எண் பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். 120 பாகை அகலம் பார்க்கும் கேமராவில், 10 மீட்டர் முன்னால் செல்லும் காரின் எழுத்து 1080பி-யில் சுமார் ஆறு புள்ளி உயரமே பெறும், 4கே-யில் பன்னிரண்டு. எழுத்தைப் பிரித்தறிய எட்டு, பத்தாவது வேண்டும். பகல் வெளிச்சத்தில் 4கே-யின் மேன்மை இவ்வளவுதான்: அருகில் வந்தால் மட்டும் தெரியும் எண், சற்று எட்டத்திலும் தெரியும். மலிவுக் கேமராக்கள் சிலவற்றின் 4கே, சிறு படத்தை இழுத்துப் பெரிதாக்கியதே. பெட்டியின் மேல் அச்சிட்டதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இரவில் கணக்கே வேறு. 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. இருட்டில் ஒளியைத் திரட்டக் கேமராவின் கண் நொடியில் முப்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் வண்டி 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஓரமாக நிற்கும் லாரியின் எண் வெறும் கோடாக இழுபடும். எத்தனை லட்சம் புள்ளிகள் இருந்தும் பயனில்லை. நம்மோடு ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும் வண்டியின் எண்தான் சரியாகப் பதியும். நொடிக்கு 30 படம் என்பதை 60 ஆக்கினால் கண் திறந்திருக்கும் நேரம் பாதிக்குமேல் நீளாது. படம் சற்று இருண்டாலும் இழுபடல் குறையும். எனவே இரவுப் பயணத்திற்கு 30 படம் எடுக்கும் 4கே-யை விட 60 படம் எடுக்கும் 1080பி-யையே நான் தேர்வேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உள்ள உயர் பாதுகாப்பு எண் பலகை ஒளியைத் திருப்பி வீசும் தன்மையது. நம் முகப்பு விளக்கு பட்டதும் அது வெள்ளைத் துணிபோல் பளீரிடும். ஒளி அளவைக் குறிக்கும் இடத்தில் பூச்சியத்திற்குக் கீழே அரையோ ஒன்றோ வைத்தால் எழுத்து மீளும். டபிள்யூ.டி.ஆர். என்பதையும் இயக்கி வைக்கலாம்.

தரம் கூடினால் மெமரி கார்டு விரைவில் நிரம்பும். நொடிக்கு 12 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் மணிக்கு 5.4 ஜி.பி. ஆகும், 64 ஜி.பி. கார்டில் பதினோரு மணி நேரத்திற்கு மேல் அடங்கும். 4கே-யில் 40 மெகாபிட் என்றால் மூன்றரை மணி நேரம்தான். அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறும். விபத்துக்குப் பின் மருத்துவமனை, காவல் நிலையம் என்று அதே காரில் அலைந்தால் வேண்டிய காட்சியே அழிந்துபோகலாம். உடனே கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிவிடுங்கள். அதிர்ச்சி உணரும் அமைப்பைக் குறைவாக வையுங்கள். மிகுதியாக வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையும் விபத்தாகக் கருதப்பட்டு, அழியாத கோப்புகளால் கார்டு நிறைந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்த கேமராவில் கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டு. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50; மாற்றாவிட்டால் தெருவிளக்கின் கீழ் படம் மினுக்கும். கடிகாரமோ நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்னால் ஓடும். இரவு பத்தரைக்கு நடந்த விபத்து எட்டு மணிக்கு நடந்ததாகப் பதிவாகியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒலிப்பதிவை வைப்பதா, அணைப்பதா? வண்டிக்குள் பேசும் குடும்பப் பேச்சு அமானிதம் என்று கருதி அணைத்து வைப்போர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நெடுஞ்சாலையில் மட்டும் இயக்கி வைப்பது நலம். கேமராவுக்கு எட்டாத எண்ணை உடன் வருவோர் கண்ணால் கண்டு உரக்கப் படித்தால், அது குரலாகப் பதிந்துவிடும். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் இதை ஓட்டுநரைவிட நன்றாகவே செய்வார்கள்.

பதிவான காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கார்டை மறுபடி மாட்டிவிடக் கூடாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; நாம் பாடுபட்டு வைத்த தரமெல்லாம் அதில் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு உரிய சான்றிதழையும் கேட்கிறது. மூலக் கார்டை ஓர் உறையிலிட்டு, தேதியும் வண்டி எண்ணும் எழுதி, வழக்கறிஞர் கேட்கும் வரை வீட்டுப் பெட்டியில் வைத்திருங்கள். காருக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாம்.