ஏசிங்க் வேகத்தைத் தருவதில்லை

ஒரு செயற்கூற்றின் முன்னால் ஏசிங்க் என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால் நிரல் வேகமாக ஓடும் என்னும் நம்பிக்கை கல்லூரி வகுப்பு முதல் வேலைக்கான நேர்காணல் வரை வேரூன்றிவிட்டது. இந்த நம்பிக்கை முற்றிலும் பிழையானது.

வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டைக்கான பணத்தை ஒரு வியாபாரி யுபிஐ வழியே செலுத்தும்போது, இரு தரப்பு வங்கிகளின் கணினிகளும் அவற்றை இணைக்கும் மையக் கணினிகளும் செய்தி அனுப்பிவிட்டு, விடைக்காகக் காத்திருக்கின்றன. எந்த மொழியின் ஏசிங்க்கும் மறுமுனை வங்கியை ஒரு கணம்கூட முன்னதாக விடையளிக்கச் செய்யாது. காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் இழையை, அதாவது இயங்குதளம் தனியே நினைவகம் ஒதுக்கி ஓடவிடும் கட்டளைத் தொடரை, முடக்கிவைக்காமல், அதே இழையைக் கொண்டு பிற கோரிக்கைகளைக் கவனிக்க வழிசெய்வதே அதன் பயன். கூடுவது நெரிசலைத் தாங்கும் திறனே தவிர, தனியொரு பரிமாற்றத்தின் விரைவு அன்று.

2012இல் வெளிவந்த சி ஷார்ப் மொழியின் 5.0 பதிப்பில், இழையை இவ்வாறு விடுவிப்பதற்கான உழைப்பைக் கம்பைலர் ஏற்றது: காத்திருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் அவெயிட் என்னும் சொல் வரும் இடங்களில் செயற்கூற்றைத் துண்டாக்கி, உள்மாறிகளின் மதிப்பையும் நின்ற இடத்தையும் குறித்துவைத்துக்கொண்டு பின்னர் அங்கிருந்தே தொடரும் நிலைப்பொறியாக அதை மாற்றி எழுதுகிறது. இந்தக் குறித்துவைத்தலுக்கே சிறிது நேரமும் நினைவகமும் செலவாகின்றன என்பதால், காத்திருப்பே இல்லாத கணக்கீட்டில் ஏசிங்க் இழப்பையே தருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் கேடு இன்னும் பெரிது. ஏசிங்க் செயற்கூற்றுக்குள் இடைவிடாத நீண்ட கணக்கீடு ஒன்று ஓடினால், அது முடியும்வரை அது ஓடும் இழையை நம்பியுள்ள பிற கோரிக்கைகள் அனைத்தும் நின்றுவிடுகின்றன.

வேகம் பற்றிய இந்த மயக்கம் உண்மையான கேள்வியை மறைத்துவிட்டது. அவெயிட்டைப் பயன்படுத்தும் செயற்கூறு தானும் ஏசிங்க் ஆக வேண்டும், அதன் விடைக்குக் காத்திருந்து தொடரும் செயற்கூறும் அவ்வாறே ஆக வேண்டும் என்று நிரல் முழுவதும் இரண்டாகப் பிளவுபடுகிறதே, அது தவிர்க்க முடியாததா? இல்லை என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடி பேராசிரியர் கே. சி. சிவராமகிருஷ்ணன் முக்கியப் பங்காற்றிய, 2022 டிசம்பரில் வெளிவந்த ஓகேமல் மொழியின் 5.0 பதிப்பில், செயற்கூறு தன் எஞ்சிய வேலையைக் கையாளி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கவும் பின்னர் தொடரவும் முடியும். அதற்குத் தனி அடையாளச்சொல் தேவையில்லை. இங்கும் ஒரு விலை உண்டு: கையாளி இல்லாமல் ஒப்படைக்கப்படும் வேலையை அம்மொழியின் வகைமுறை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்லை, ஓடும்போதுதான் பிழை வெளிப்படுகிறது. வகுப்பறைகளில் விவாதிக்க வேண்டியது இந்த விலையைத்தான்.