பதிவேட்டில் மாமாவுக்கு வாய்வு

மீஞ்சூரில் ஓர் இரவு. ஷிஃப்ட் முடிந்து வந்த மாமாவுக்கு மேல்வயிற்றில் எரிச்சல், உடம்பெல்லாம் வியர்வை. அவசரப் பிரிவில் ஒரு ஊசி, நாலு மாத்திரை. "வாய்வுதான், காரம் குறைச்சுக்கோங்க." விடிகாலையில் சென்னையில் வேறொரு மருத்துவமனை சொன்னது: மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். "அந்த டாக்டரைச் சும்மா விடக் கூடாது" என்று வீடே கொதித்தது. நானும்தான்.

இதயத்தின் கீழ்ப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு வயிற்றுவலி வேஷத்தில் வரும். அதனால்தான் சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி என்பது வழிகாட்டுதல். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் விட்டுவிட முடியாது. மறுபடி எடுக்க வேண்டும், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்க வேண்டும். இது தெரியாத டாக்டர் இருக்க மாட்டார். 'வாய்வு' என்ற பதில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. கிடைத்ததும் தேடல் நின்றுவிட்டது.

2022இல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கை, அங்கே அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் சுமார் 5.7 சதவீதம் பேருக்கு நோய் தவறாகக் கணிக்கப்படுகிறது என்றது. அவசர மருத்துவர்கள் சீறினார்கள்: வேறு நாடுகளின் சின்ன ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்கு இது என்று. நியாயமான சண்டை. சண்டை போட நம்மிடம் எண் எங்கே?

என் கோபம் இப்போது அங்கேதான் நிற்கிறது. மாமாவை அனுப்பிய டாக்டருக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அங்கிருந்து யாரும் கேட்கவும் இல்லை. திட்டிக்கொண்டே வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டோம், அவ்வளவுதான். அவர் கணக்கில் அது சரியாக முடிந்த கேஸ். நாளைக்கு இன்னொரு மாமாவுக்கும் அதே ஊசி.

ஏஐ வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் என் சக மென்பொருள்காரர்கள். எதைப் படித்து அது கற்கும்? அந்தப் பதிவேட்டைத்தானே! அதில் மாமாவுக்கு வந்தது வாய்வு.

"தப்பை ஒப்புக்கொண்டால் கேஸ் போடுவாங்க, அடிப்பாங்க" என்பார்கள். அடிப்பது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் கணிப்பில் பிழை என்பதே அலட்சியத்துக்குச் சான்றாகாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005லேயே சொல்லிவிட்டது. பிழை மன்னிக்கப்படலாம். பிழையைத் தெரிந்துகொள்ளாமலே இருப்பதை எப்படி மன்னிப்பது?

நான் கேட்பது புது இயந்திரம் அல்ல. வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் மூன்று நாளுக்குள் ஒரு போன்: "இப்ப எப்படி இருக்கீங்க?" வரும் பதிலை அந்த டாக்டர் பெயருக்கு நேராக எழுதிவைக்க ஒரு நோட்டு. தண்டிக்க அல்ல, அவர் பார்க்க.