எழுத்து காணாமல் போனால் சொல்ல வேண்டாமா?

லினக்ஸில் பைத்தான் மூலம் வரைபடம் போடுகிறீர்கள். கோடுகளும் வண்ணங்களும் அழகாக வருகின்றன. ஆனால் தமிழில் கொடுத்த தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்! உடனே பலரும் "லினக்ஸில் தமிழ் வராது" என்று முடிவு கட்டி, சிஸ்டத்தையே ஃபார்மட் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை.

வரைபடம் போடும் மேட்பிளாட்லிப், டெஜாவு சான்ஸ் என்ற ஃபாண்டைத் தன்னோடு கொண்டு வருகிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதைத்தான் பயன்படுத்தும். அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. இல்லாத எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் வருகிறது. சில ஃபாண்டுகளில் அந்தக் கட்டமும் இல்லாமல் வெற்றிடமே வரும்.

தமிழ் போனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மைனஸ் குறி போனால்? மேட்பிளாட்லிப் அச்சுகளில் போடும் மைனஸ், கீபோர்டில் உள்ள சிறுகோடு அல்ல; யூனிகோடில் 2212 என்ற தனி எழுத்து. நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபாண்டில் அது இல்லாமல், வெற்றிடமாக வந்தால், மைனஸ் 5 வெறும் 5 ஆகிவிடும். படம் பார்க்க நன்றாக இருக்கும். சொல்வது பொய்யாக இருக்கும்.

இதற்கு எச்சரிக்கை வருவது உண்மைதான். ஆனால் அது டெர்மினலில் ஒரு வரியாக ஓடி மறைகிறது. படமோ எந்தக் குறையும் இல்லாததுபோல் சேமிக்கப்படுகிறது. எழுத்து விடுபட்டால், "இப்படியே சேமிக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேமிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2019-ல் வெளியான தமிழக பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடநூலிலேயே இந்த வரைபடங்களுக்கு ஒரு பாடம் உண்டு. கற்றுக்கொள்ளும் மாணவர் டெர்மினல் வரிகளை எல்லாம் படித்துக்கொண்டிருப்பாரா?

அதுவரை நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்டை இன்ஸ்டால் செய்யுங்கள். டெர்மினலில் எஃப்சி-லிஸ்ட் கட்டளை கொடுத்து, பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து மேட்பிளாட்லிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபாண்ட் பெயர்களைத் தரலாம். முதலில் டெஜாவு சான்ஸ், அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கொடுங்கள். எண்களும் மைனஸும் முதல் ஃபாண்டிலிருந்தும், தமிழ் இரண்டாவதிலிருந்தும் வரும். அப்போதும் கட்டமே வந்தால், மேட்பிளாட்லிப் தனியாக வைத்திருக்கும் பழைய ஃபாண்ட் பட்டியலை கேஷ் ஃபோல்டரில் அழித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

பழைய பதிப்புகளில் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கலாம். அத்தகைய தலைப்புகளுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கில் வரைபடம் போடுவது நல்லது.

எதில் போட்டாலும், பிறரிடம் கொடுக்கும் முன் அச்சுகளில் உள்ள எண்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.