நூலக நிலைப்பேழைக்கு எந்தப் பூச்சு?



எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு சுவர் முழுவதையும் அடைக்கும் நிலைப்பேழை அமைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்துள்ளது. மரம் எது, கதவுகள் எத்தனை, விலை என்ன என்று இரண்டு கூட்டங்களில் பேசினோம். அதன்மேல் பூசப்போவது எது என்பதை மட்டும் "பளபளப்பாக இருக்கட்டும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முன்பு நான் பணியாற்றிய வேறொரு பள்ளியில், பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் இருக்கையில் நூலகத்துக்குள்ளேயே லேக்கர் தெளித்தார்கள். மழைக்காலம் வேறு. மறுநாள் கதவுகளெங்கும் பால் சிந்தினாற்போல் வெண்படலம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். மூன்று வாரம் நூலகம் பூட்டிக் கிடந்தது. தச்சரைக் குறை சொல்வதற்கில்லை. விடுமுறைக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்கியவர்கள் நாங்கள்தாம்.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரில் உள்ள தின்னர் மிக விரைவாக ஆவியாகும். அப்போது பூச்சின் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். வெண்படலம் அதனால் வருவதே. பினாங்கிலோ காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. விந்தை என்னவென்றால், மரப்பாலிலிருந்து எடுக்கப்படும் சீனரின் மரபான அரக்கு நல்ல ஈரக்காற்றில்தான் இறுகும்! எல்லாப் பூச்சும் எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை.

நம்மவர் நன்கறிந்த கொம்பரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றும் மெருகுக்கு அழகில் இணையில்லை என்பேன். கீறல் விழுந்தால் சரிசெய்வதும் எளிது. ஆயினும் ஒரு மாணவன் ஈரமான தண்ணீர்ப் புட்டியை அதன்மேல் வைத்துவிட்டால் வெள்ளை வளையம் விழும். ஆளிவிதை எண்ணெயோ மெல்லக் காயும். நம் ஊரில் பூசணமும் பிடிக்கும். காயும்போது வெளிவரும் அமில ஆவிகள் நூல்களுக்கு ஆகா. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும் என்பதையும் பலர் அறிவதில்லை.

இரு கலவைப் பாலியூரித்தேன் மிக உறுதியானது. ஆனால் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட், தெளிப்பவருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. உரிய முகக்கவசத்தோடு பட்டறையில் செய்ய வேண்டிய வேலை அது. பள்ளிக்குள் கூடவே கூடாது.

என் வாக்கு, நீரில் கலந்த பாலியூரித்தேனுக்கு. பட்டறையிலேயே மூன்று முறை பூசி, காயவைத்து, பிறகு கொண்டுவந்து பொருத்தட்டும். விலை சற்றுக் கூடுதல்தான். முதற்பூச்சில் மரத்தின் நார்கள் சிலிர்த்து நிற்கும். மணல்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். இந்தப் பொறுமைக்கும் சேர்த்தே கூலி கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

கதவின் வெளிப்புறத்தை மட்டும் பூசி உட்புறத்தை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காவிட்டால் பலகை கோணிக்கொள்ளும். ஒட்டுப்பலகையாக இருந்தால் வெட்டிய ஓரங்களையும் மூடுதல் நன்று. பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு ஓரளவு குறையும். அதனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

"பால்மரமா? மலிவுச் சரக்காயிற்றே!" என்று ஒரு பெற்றோர் முகம் சுளித்தார். எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. நம் பாட்டன் பூட்டியர் விடியற்காலையில் சீவிய மரமல்லவா அது? பால் வற்றியபின் ஒரு காலத்தில் விறகாகிப் போனது, இன்று நல்ல தட்டுமுட்டுப் பொருளாகிறது. வெளிறிய நிறம், பூச்சி அரிக்காதபடி முன்பதம் செய்திருந்தால் போதும். நிறமற்ற பூச்சின் கீழ் அழகாகவே இருக்கும். வண்ணச் சாயம் பூசி அதை மறைக்க வேண்டாம். அப்படியே வண்ணம் வேண்டுமென்றால், ஈயமில்லாச் சாயம்தானா என்று எழுத்தில் கேளுங்கள். ஈயச் சாயத்துக்கு எதிராகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் குரல் கொடுத்து வந்திருக்கிறது. பிள்ளைகளின் உடலில் ஈயம் சேர்வதற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை.

விலைப்புள்ளியில் பூச்சின் பெயர், எத்தனை முறை, எங்கே பூசுவது, காய எத்தனை நாள் என்பவை இடம்பெற வேண்டும். பொருத்தியபின் மூன்று நான்கு வாரம் சன்னல்களைத் திறந்துவைத்து, அதன் பிறகே நூல்களை அடுக்கலாம். அதே மரத்தில் அதே பூச்சோடு ஒரு மாதிரிப் பலகை தரும்படி தச்சரிடம் கேட்டிருக்கிறேன். ஈரப் புட்டியை ஓர் இரவு முழுக்க அதன்மேல் வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் பலகையோடு வருகிறேன்.