தானா ஆறுற கொட்டுக்கு ஆளாளுக்கு வைத்தியமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. திருச்செந்தூர் கடலில் குளித்த பிள்ளைக்குக் காலெல்லாம் சாட்டையால் அடித்த மாதிரி தடிப்பு, எரிச்சல், அரிப்பு. என்ன செய்யலாம்? அரை மணி நேரத்தில் வைத்தியங்கள் வந்து குவிந்தன. மணலை அள்ளித் தேய். எலுமிச்சம்பழத்தைத் தேய். விபூதியைக் குழைத்துப் பூசு. நல்ல தண்ணியில் குளிப்பாட்டு. மண்ணெண்ணெய் தடவு. மூத்திரத்தை ஊத்து. ஒருவர், "கடல் தண்ணியே மருந்து, ஒண்ணும் செய்யாது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எழுதியவர்களில் பலர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதுதான் தாங்கவில்லை.

குழியுடலிகள் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஹைட்ரா படம் வரைந்து, கொட்டும் செல்களுக்கு அம்புக்குறி போட்டு மதிப்பெண் வாங்கினீர்களே! ஜெல்லி மீன் அந்த ஹைட்ராவின் சொந்தக்காரன்தான். மீனே கிடையாது. நம் கடற்கரையில் அதற்கு இருக்கும் பெயர் சொறிமுட்டை. பட்டால் என்ன ஆகும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

அதன் விழுதுகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள். ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த நூல் போன்ற ஊசி, கூடவே நஞ்சு. தோலில் உரசியதும் ஊசி பாயும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. தோலில் ஒட்டியிருக்கும் துணுக்குகளில் வெடிக்காத செல்கள் நிறைய மிச்சம் இருக்கும். மணலைப் போட்டுத் தேய்த்தால் அவற்றையும் நீங்களே வெடிக்க வைக்கிறீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அதே கதைதான். உப்புத் தண்ணீரில் இருந்த செல் மேல் திடீரென்று உப்பில்லாத தண்ணீர் பட்டால் என்ன நடக்கும்? சவ்வூடு பரவல். அதையும் நான்தான் நடத்தினேன். முட்டையை வினிகரில் ஊறப்போட்டு ஓட்டைக் கரைத்து, சோதனையே செய்து காட்டினேன்.

நமக்கு இதெல்லாம் புரியாத விஷயமும் இல்லை. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி ரோமம் பட்டால் "தேய்க்காதடா, இன்னும் ஏறும்" என்று சொல்லாத வீடு நம் பக்கம் உண்டா? செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கம் காட்டுக்குள் போய்ச் செந்தட்டியில் உரசிக்கொண்டவன் அந்த இடத்தை மணலால் தேய்ப்பானா? மலையடிவாரத்தில் இருக்கிற புத்தி, கடற்கரைக்குப் போனதும் எங்கே போகிறது?

"எங்க பாட்டி காலத்துல இருந்து இதான் செய்றோம், சரியாத்தான போச்சு" என்பீர்கள். இந்த வாதத்தைத்தான் உடைக்க வேண்டும். நம் கடற்கரையில் படும் கொட்டுகளில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானாகவே அடங்கிவிடும். தானா ஆறுகிற நோய்க்கு எதைத் தடவினாலும் தடவியதற்குத்தான் பேர். விபூதி பூசினால் விபூதிக்குப் பேர், மூத்திரம் ஊற்றினால் மூத்திரத்துக்குப் பேர். நடுவில் அந்தப் பிள்ளை கூடுதலாகப் பட்ட எரிச்சல் யார் கணக்கிலும் வராது.

"போன தடவை ஒண்ணும் செய்யல, இனிமேலும் செய்யாது" என்பது அடுத்த பேச்சு. பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல்ஸ் ரிஷே 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போய், 'போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்' என்ற கொட்டும் கடலுயிரியின் நஞ்சை ஆராய்ந்தார். ஊர் திரும்பிக் கடல் சாமந்தியின் நஞ்சை வைத்துச் சோதனையைத் தொடர்ந்தார். முதல் ஊசிக்குத் தப்பித்த நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய இரண்டாம் ஊசியில் செத்துப்போனது. கடும் ஒவ்வாமையான 'அனாஃபிலாக்சிஸ்' உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். 1913-இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு. ஆகவே முதல் தடவை தப்பித்தது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. கடலில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வீடு வந்த பிறகு, சில சமயம் மறுநாள்கூட, உடுப்பு மூடியிருந்த இடத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து அரிக்கும். "வேன்ல வேர்த்துருச்சு, புரோட்டா ஒத்துக்கல" என்று விட்டுவிடுவோம். கண்ணுக்குத் தெரியாத ஜெல்லி மீன் குஞ்சுகள் துணிக்கும் தோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டாலும் இப்படி வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடா, கரீபியன் கடற்கரைகளில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே நீச்சலுடைக்குள்ளேயே இந்தப் பாடு. நாம் சேலை, சுடிதார், வேட்டியோடு முங்குகிறோம். அந்த ஈரத்துணியோடு நாழிக்கிணற்றுக்குப் போகிறோம். ராமேஸ்வரம் என்றால் அக்னி தீர்த்தத்தில் முங்கிய துணியோடு 22 தீர்த்தத்தையும் தலையில் வாங்குகிறோம். பிறகு நாலு மணி நேரம் வேனில் ஈரத்தோடு உட்கார்ந்து வருகிறவர்களும் உண்டு.

உடனே "வாத்தியார் சாமிக்கு எதிரா எழுதுறார்" என்று கிளம்பாதீர்கள். தீர்த்தமாடுங்கள், நானும் ஆடியவன்தான். கடலை விட்டு ஏறியதும் உடுப்பை மாற்றிக்கொண்டு நாழிக்கிணற்றுக்குப் போனால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். அந்த இடத்தைக் கடல் தண்ணீரிலேயே, தேய்க்காமல் அலசுங்கள். ஒட்டியிருக்கும் விழுதை இடுக்கியால் எடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். பிறகு கை பொறுக்கிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 'நீலப்புட்டி' கொட்டியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வெந்நீர் பட்டவர்களில் 87 சதவீதம் பேருக்கு 20 நிமிடத்தில் வலி குறைந்தது, ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது. வெந்நீர்ச் சூட்டைப் பெரியவர் ஒருவர் தன் கையில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சர்க்கரை நோயாளிகள் சிலருக்குக் காலில் சூடு தெரியாது, ஜாக்கிரதை.

வினிகரும் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் பெட்டி ஜெல்லி மீனுக்கு ஊற்றச் சொல்கிறார்கள், அதே நாட்டில் நீலப்புட்டிக்கு வேண்டாம் என்கிறார்கள். கொட்டியது எது என்று தெரியாதபோது ஊற்றாதீர்கள். கட்டும் போடாதீர்கள். உலகத்துக்கே பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி நம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் இறுக்கிக் கட்டுவது இதற்கு வைத்தியம் இல்லை.

அரிப்புக்குக் காலமைன் தடவலாம். அரிப்பு மாத்திரை, களிம்பு எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான். மெடிக்கலில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கும் கூட்டுக் களிம்பு பிள்ளைகள் தோலைக் கெடுத்துவிடும். குளித்த உடுப்பைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் துவைக்காமல் மறுபடி உடுத்தாதீர்கள், காய்ந்த துணியிலும் வெடிக்காத செல் இருக்கும். மூச்சுத் திணறல், முகவீக்கம், வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் கைவைத்தியமே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

2018 ஆகஸ்டில் மும்பை ஜுஹு போன்ற கடற்கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படிக் கொட்டு வாங்கியதாகச் செய்தி வந்தது. நம் கரையில் வைகாசி விசாகத்துக்கும் கந்த சஷ்டிக்கும் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வேன் பிடித்து ஆள் சேர்க்கும் தம்பிகளே, புளியோதரையும் தண்ணீர் கேனும் ஏற்றும்போது ஒரு இடுக்கியும் பிளாஸ்க்கில் வெந்நீரும் ஏற்றுங்கள். இறங்கும் முன் கரையில் இருக்கும் மீனவர்களிடம் "அண்ணாச்சி, இன்னைக்குச் சொறிமுட்டை கிடக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மணலில் ஒதுங்கிச் செத்துக் கிடப்பதைப் பிள்ளைகள் குச்சியால்கூட நோண்ட விடாதீர்கள், செத்த பிறகும் அது கொட்டும்.

குழுவில் வைத்தியம் எழுதிய பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரியாததற்கு "தெரியலப்பா, டாக்டர்ட்ட காட்டு" என்று எழுதுவதில் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் "எங்க பாட்டி சொன்னாங்க" என்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். பாட்டிகள் "தேய்க்காதே" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.